இந்தக் கைக்கு மந்து இல்லை

மகனே, உன் கல்யாணத்துக்கு நான் என்ன உடுத்த வேண்டும் என்று நீ யோசித்திருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். பிறந்ததிலிருந்து என் உடையைப் பற்றி நீ வாய் திறப்பது இதுவே முதல் தடவை. வலது கையை மணிக்கட்டுவரை மூடுகிற முழுக்கை ரவிக்கை தைத்துக்கொள்ளச் சொல்கிறாய். பாலக்காட்டுப் பெண் வீட்டார் கையைப் பற்றிக் கேட்டால் ‘மந்து வந்து குணமாகிவிட்டது’ என்று சொல்லச் சொல்கிறாய். மருமகள் வாசலுக்கு வரும்போது ஆரத்தித் தட்டை உன் அத்தை பிடித்தால் போதும், அம்மா பின்னால் நின்று பார்த்தால் போதும் என்கிறாய். எல்லாவற்றையும் ஒரே இன்லண்ட் லெட்டருக்குள் அடக்கி, ஓரத்தில் ‘உங்கள் நன்மைக்குத்தான்’ என்று சரித்து எழுதியிருக்கிறாய். இடம் போதாத ஓரத்தில்தான் ஜனங்கள் பெரும்பாலும் அந்த வாக்கியத்தை எழுதுகிறார்கள்.

பதில் கொஞ்சம் நீளமாக இருக்கும். ஒரு பக்கம் எழுதினால் கை கனத்துப் போகிறது. அப்போது அதை இரண்டு தலையணைகள் மேல் தூக்கி வைத்து உட்கார வேண்டும். அந்த நேரத்தில் எழுத முடியாது, யோசிக்கத்தான் முடியும். ஆகவே ஒவ்வொரு பக்கத்துக்குப் பின்னாலும் அரை மணி நேர யோசனை இருக்கிறது. நேற்று, திங்கட்கிழமை, நம் வீட்டில் ஒரு சங்கதி நடந்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலிலேயே சொன்னால் மீதியைப் படிக்காமல் மடித்து வைத்துவிடுவாய்.

நீ கோயம்புத்தூருக்குப் போய் மில் ஆபீஸில் நாற்காலி கிடைத்தபின் நம் ஊரைப் பற்றிச் சில விஷயங்கள் உனக்கு மறந்திருக்கலாம். மட்டாஞ்சேரியில் மந்து என்பது நோயல்ல, முகவரி. வெளியூரில் யானைக்கால் என்று சொல்லி விலகி நிற்பார்கள். இங்கே ஒருவருக்குக் கால் வீங்கினால், எந்தக் கானையின், அதாவது எந்தச் சாக்கடையின், கரையில் வீடு என்றுதான் கேட்பார்கள். கானையில் தண்ணீர் நிற்கும், அதில் கொசு முட்டையிடும், கொசு கடித்தால் புழு உள்ளே போகும், புழு கூடுகட்டினால் கால் வீங்கும். நம் வீட்டில் பால்காரன் கணக்கு தெரியாதவர்களுக்குக்கூட இந்தக் கணக்கு தெரியும். ஏனென்றால் உன் அப்பாவுக்குச் சம்பளம் கொடுத்ததே அந்தப் புழுதான். முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு கானைகளில் எண்ணெய் தெளித்தவர், பிறகு வீடு வீடாகப் போய் விரலில் குத்தி ரத்தம் எடுக்கிறவராக உயர்ந்தார். தெருவில் அவருக்குப் பெயர் ‘மந்து சார்’. முப்பது வருஷம் ஒரே விரோதியோடு போராடிய மனிதர், மற்ற விரோதிகள் இருப்பதை நம்ப மாட்டார்.

நீ பத்தாம் வகுப்பு படித்த வருஷம் நான் திருவனந்தபுரத்துக்குப் போய் நெடுநாள் தங்கினேனே, அது வயிற்று ஆபரேஷனுக்கு என்று உனக்குச் சொல்லியிருந்தோம். உண்மையில் வலது மார்பில் கட்டி. பிற்பாடு அது உன் காதுக்கும் எட்டியது, நாம்தான் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. மார்பையும் எடுத்து, அக்குளில் இருந்தவற்றையும் சுரண்டி எடுத்தார்கள். அதன்பின் கோபால்ட் மிஷினில் கதிர் சிகிச்சை. ஜனங்கள் அதைக் கரண்ட் என்றுதான் சொன்னார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். ஒரு மேஜையில் படுக்க வைத்து, தோலில் வாடகை வீட்டுச் சுவரில் கோடு போடுவது போல மையால் கட்டம் போட்டு, எல்லோரும் அறையை விட்டு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். வலி கிடையாது. எனக்கு நல்லது என்று சொல்லப்பட்ட ஒரு பொருளிடமிருந்து அத்தனை பேர் அவ்வளவு வேகமாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது மட்டும் ஒரு மாதிரி இருக்கும். தோல் கறுத்தது, உரிந்தது, ஆறியது. நான் பிழைத்தேன். இதை எழுதுகிறேன் என்பதால் உனக்கே தெரியும். அந்த மிஷின் மேல் எனக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை. அது வந்த வேலையைச் செய்தது. அதற்கான வாடகையை மட்டும் தாமதமாக வசூலிக்கிறது.

ஊர் திரும்பியதும் அப்பா ஒரு ஏற்பாடு செய்தார். அந்த நோயின் பெயரை வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது. கேட்டவர்களுக்கெல்லாம் ‘ஒரு சின்ன ஓப்பரேஷன்’ என்றார். பெரிய ஆபரேஷனைச் சின்னதாக்குவதில் அவர் டாக்டர்களையும் மிஞ்சினார்.

சில வருஷம் கழித்து, நீ கல்லூரியில் இருந்தபோது, ஓணத்துக்கு முன்னால் ஒரு நாள் வலது கை வளையல் கழலவில்லை. சோப்பு போட்டேன், எண்ணெய் போட்டேன், கடைசியில் உடைத்தேன். அடுத்த மாதம் மோதிரம். பிறகு கை மொத்தமாகக் கனத்தது, சாயங்காலம் ஆனால் யாரோ அரிசி மூட்டையைத் தோளில் கட்டியது போல. விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். அப்பா ஒரே பார்வையில் சொன்னார்: “மந்து.”

“கையிலயா?” என்றேன்.

“கையிலும் வரும். உனக்கு இந்த ஜோலியைப் பத்தி என்ன அறியும்?”

அந்தப் புழு ராத்திரியில்தான் ரத்தத்துக்கு வரும் என்பதால், தூங்குகிறவளை எழுப்பி விரலில் குத்துவார். கண்ணாடித் துண்டில் ரத்தம் தேய்த்து ஆபீஸுக்குக் கொண்டுபோவார். புழு இல்லை என்று வரும். மறுபடியும் குத்துவார். மறுபடியும் இல்லை. ரிசல்ட் மேல் சந்தேகப்பட்டார், மைக்ராஸ்கோப் மேல் சந்தேகப்பட்டார், பார்த்த பையனின் கண் மேல் சந்தேகப்பட்டார், தன் மேல் மட்டும் சந்தேகப்படவில்லை. “புழு இருக்கு. அகப்படல, அவ்வளவுதான்” என்றார். மந்து மாத்திரையை நான் விழுங்கினேன். தலை சுற்றியது, கை அப்படியே இருந்தது.

அப்போது எனக்குக் கோபம் வந்தது. இப்போது வேறு மாதிரி தெரிகிறது. உலகத்திலேயே தன் பெண்டாட்டியின் ரத்தத்தில் புழு இருக்க வேண்டும் என்று அம்பலத்துச் சாமிக்கு வழிபாடு கழித்த மந்து ஒழிப்பு ஊழியர் இவர் ஒருவராகத்தான் இருப்பார். புழு இல்லையென்றால் கை வீங்கியதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். அந்த வேறு காரணத்தின் பெயரைச் சொல்லக்கூடாது என்று அவரே சட்டம் போட்டிருந்தார். பழைய கட்டி திரும்பி வந்துவிட்டதோ என்ற பயத்தை அந்த மனுஷன் ஊசியால் குத்திக் குத்தித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தார். குத்தியதெல்லாம் என் விரலில் என்பதுதான் சங்கடம்.

அதுவும் வலது கை விரலில். வீக்கம் அங்கே இருப்பதால் புழுவும் அங்கே இருக்கும் என்பது அவர் வாதம். ராத்திரி குத்திய விரல் ஒரு நாள் காலையில் சிவந்தது, மத்தியானத்துக்குள் சிவப்பு முழங்கை ஏறியது, சாயங்காலம் குளிர்க் காய்ச்சலில் பல் கிட்டியது. படகுத்துறையில் போட்டைப் பிடித்து எறணாகுளம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். படகு வெலிங்டன் தீவைத் தாண்டும்வரை அப்பா, நடுங்குகிற என்மேல் தன் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். மழை இல்லை.

டாக்டர் சின்னப் பெண். உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். கையைத் தொட்டுப் பார்த்தாள், இரண்டு கையையும் ஒப்பிட்டுப் பார்த்தாள்.

“மந்து ஆணு, டாக்டர்” என்றார் அப்பா, தன் துறையைச் சேர்ந்தவரிடம் பேசுகிற தோரணையில்.

“யார் சொன்னது?”

“ஞான்தான். அதுதான் என் ஜோலி.”

“ரத்தத்துல புழு கண்டோ?”

“இல்ல.”

“எத்தனை தடவை பார்த்தீங்க?”

அப்பா கூரையைப் பார்த்தார். நான் சொன்னேன்: “பார்க்காத ராத்திரி எதுன்னு கேளுங்க டாக்டர், சீக்கிரம் சொல்லிடுவார்.”

அவள் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, “அம்மே, இந்தப் பக்கம் எப்பவாவது கரண்ட் அடிச்சிருக்கோ?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை எங்களிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்போமா என்பது வேறு விஷயம். அப்பா என் முகத்தைப் பார்த்தார், சொல்லாதே என்பது போல. எனக்குக் காய்ச்சல் நூற்று மூன்று. அந்த நிலையில் மனுஷிக்குப் பொய்யை ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெம்பு இருக்காது. “அடிச்சிருக்கு” என்றேன்.

முதலில் கழுத்தையும் அக்குளையும் தடவிப் பார்த்தாள், படம் எடுக்கச் சொன்னாள். பழைய கட்டி திரும்பி வரவில்லை என்று தெரிந்ததும் அப்பா வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். சுவரில் கொசு உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்ததாகப் பிறகு சொன்னார்.

அந்தப் பெண் சொன்னதை நீ கவனமாகப் படி. நாளை இதை நீதான் சொல்லப் போகிறாய். உடம்பில் ரத்தக் குழாய்கள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதிலிருந்து சதைக்குள் கசிகிற நீரைச் சேர்த்து, மறுபடி ரத்தத்தில் கொண்டு சேர்க்க வேறொரு வடிகால் இருக்கிறது. அந்த நீருக்கு நிணநீர் என்று பெயர். கைக்கு அந்த வடிகால்கள் பெரும்பாலும் அக்குளில் கூடுகின்றன. அங்கே மொச்சைக் கொட்டை போலச் சின்னச் சின்னக் கணுக்கள், நீரை வடிகட்டி, கிருமியைப் பிடித்து வைக்கும் இடங்கள். என் ஆபரேஷனில் அவற்றில் பலவற்றை எடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்தவற்றின் மேல் கரண்ட் விழுந்தது. அது கெட்டதைச் சுட்டது. பக்கத்தில் இருந்த நல்ல சதையும் தழும்பாக இறுகியது, வடிகால்கள் சுருங்கின. தழும்பு ஒரே நாளில் இறுகுவதில்லை. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெதுவாக இறுகும். அதனால்தான் எல்லாம் முடிந்துவிட்டது என்று நாம் வளையல் வாங்கிப் போட்ட பிறகு கை வீங்குகிறது.

“மட்டாஞ்சேரியில்தானே வீடு?” என்று அப்பாவிடம் கேட்டாள். “கானை அடைஞ்சா என்ன ஆகும்?”

கானையைப் பற்றி அவரிடம் கேட்டால் சும்மா இருப்பாரா? “வெள்ளம் கெட்டி நிக்கும். ரோட்டுக்கு ஏறும். கொசு வரும்.”

“இங்கே கொசு வராது, கிருமி வரும். தேங்கின நீரில் அது சீக்கிரம் வளரும். சின்னக் கீறல் போதும், ஒரு ஊசிக் குத்து போதும். இந்தக் கையில யார் குத்தினது?”

அப்பா தன் இரண்டு கைகளையும் மேஜைக்குக் கீழே கொண்டுபோனார்.

அவருக்காக ஒன்று சொல்ல வேண்டும். மந்துப் புழுவும் இதே வடிகாலில்தான் போய் உட்காருகிறது. ஆகவே அவர் சரியான கானையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அடைத்தது எது என்பதில்தான் தவறு. வாழ்நாள் முழுக்க ஒரே விடையைக் கையில் வைத்துக்கொண்டு திரிகிறவர்கள், கேள்வி மாறினாலும் அதையே நீட்டுகிறார்கள். நீ கணக்கு எழுதுகிற இடத்திலும் அப்படிச் சிலர் இருப்பார்கள். பாதிப் பேருக்கு உத்தியோக உயர்வும் கிடைத்திருக்கும்.

காய்ச்சல் இறங்கியது. கை பழைய கையாகாது என்று டாக்டர் நேராகச் சொன்னாள். பெருகாமல் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கையில் ஊசி கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது, வெட்டு, சூடு, இறுக்கமான வளையல், இறுக்கமான துணி கூடாது. நீர்க்குடம் தூக்கக் கூடாது. தோலை வறளவிடாமல் சுத்தமாக வைக்க வேண்டும், கையைச் சும்மா வைத்திராமல் மெல்ல அசைக்க வேண்டும், கிரேப் பேண்டேஜ் கட்ட வேண்டும். விரல் பக்கம் இறுக்கமாகத் தொடங்கி மேலே போகப் போகத் தளர்த்த வேண்டும், நீர் மேல்நோக்கி ஓடும்படி. அதை அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அன்றிலிருந்து தினமும் காலையில் அவர்தான் கட்டுகிறார். ஊசியை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை. மன்னிப்பு என்ற சொல்லும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. பேண்டேஜ் மட்டும் ஒரு நாளும் தவறியதில்லை. மழையில் துணி காயாவிட்டால் மேஜையில் போட்டு இஸ்திரி போடுகிற மனுஷனை நான் என்ன சொல்லித் திட்டுவது?

ஒன்று மட்டும் மாறவில்லை. கட்டுவதற்கு முன்னால் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்துவார். வாசலில் யாராவது “மந்து குறைவுண்டோ?” என்று கேட்டால் “குறைவுண்டு” என்பார். எங்களுக்கு அது சௌகரியமாக இருந்தது. மந்து என்றால் ஊரின் குற்றம், கான்சர் என்றால் குடும்பத்தின் குற்றம். அந்தச் சௌகரியத்தைத்தான் நீ இப்போது சுத்தமாகத் தேய்த்து மடித்து, பாலக்காட்டுக்கு அனுப்பப் பார்க்கிறாய்.

இனி உன் கடிதம். முழுக்கை ரவிக்கை தைக்க முடியாது. தையல்காரரிடம் கேட்டுப் பார்த்தேன். இரண்டு கைக்கும் இரண்டு அளவு எடுத்துவிட்டு, “சேச்சி, இது ரெண்டு பேருக்குத் தைக்கிற மாதிரி இருக்கே” என்றார். அளவு பொருந்தினாலும், இடுக்கில் இறுக்கும் துணி வடிகாலை இன்னும் அடைக்கும். உன் கல்யாணத்துக்கு வந்தவர்கள் கண்ணுக்கு மறைப்பதற்காக நான் காய்ச்சலில் படுப்பதற்கில்லை. வலது கை தளர்வாக, பேண்டேஜ் வெளியே தெரிகிற மாதிரி அரைக்கை. துணி வெட்டியாகிவிட்டது. ஆரத்தித் தட்டு நீர்க்குடமல்ல. அதை நான் தூக்குவேன். உன் அத்தைக்குப் பின்னால் நின்று பார்க்கிற பழக்கம் வரட்டும், அவளுக்கும் ஒரு மாறுதல். இனி மந்துப் பொய். அதுதான் நேற்றைய சங்கதி.

பாலக்காட்டிலிருந்து உன் வருங்கால மாமியார், சுமதியின் அம்மா, வந்தாள். சொல்லாமல் கொள்ளாமல். எறணாகுளத்தில் உறவுக்காரரைப் பார்க்க வந்ததாகச் சொன்னாள். துணைக்கு வந்த தம்பியை படகுத்துறைப் பக்கத்துச் சாயாக்கடையில் உட்கார வைத்துவிட்டுத் தனியாக வந்திருக்கிறாள் என்பதிலேயே உறவுக்காரர் யாரென்று எனக்கு விளங்கிவிட்டது. அப்பா ஜன்னலைச் சாத்தியிருந்தார். கதவைச் சாத்த மறந்துவிட்டார். அவள் உள்ளே வந்தபோது என் கை வெறுமையாக மேஜை மேல் இருந்தது, அப்பா கையில் பேண்டேஜ் சுருள்.

பார்த்தாள். மறைத்துப் பார்க்கிற பழக்கம் இல்லாதவள். உட்கார்ந்தாள். “மந்தா அக்கா?” என்று கேட்டாள்.

நீ எழுதிக்கொடுத்த வசனம் அப்பாவுக்கு மனப்பாடம். கடிதத்தை மூக்குக் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தவர் அவர்தான். நான் வாய் திறப்பதற்குள் அவர் சொன்னார்: “மந்து இல்ல. மந்து எனக்கு நல்லா அறியும். இது கான்சருக்குக் கரண்ட் வச்சதுல வந்த வீக்கம்.”

இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அப்போதுதான். சொன்னவர் பாதி வார்த்தையில் கூடக் குரலைத் தாழ்த்தவில்லை.

“இப்ப?” என்றாள் அவள்.

“கான்சர் இப்ப இல்ல. வீக்கம் இருக்கு. இனியும் இருக்கும்.”

“பிள்ளைங்களுக்கு வருமா?”

இதற்கு நான் பதில் சொன்னேன். “இந்த வீக்கம் யாருக்கும் ஒட்டாது, பரம்பரையாவும் வராது. கான்சர் வரவே வராதுன்னு சத்தியம் பண்ற டாக்டர் எங்கேயும் கிடையாது. எங்க குடும்பத்துக்கும் கிடையாது, உங்க குடும்பத்துக்கும் கிடையாது.”

அவள் என் கையை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு, “அது சரிதான். எங்க மாமியார் வயித்துல கட்டியோடதான் போனாங்க. அல்சர்னு சொல்லி வச்சோம்” என்றாள். அப்பா சாயா போட்டுக் கொண்டுவந்தார். அவள் குடித்தாள். எழுந்து நின்றபோது கேட்டாள்: “ஏன் அக்கா, உங்க பையன் ஏன் சொல்லல?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. உன்னிடம் இருக்கும்.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: “வீட்டுல என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாது. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொண்ணுகிட்ட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். உங்க பையனே வந்து சொல்லட்டும்.” அது மிரட்டல் இல்லை. தன் மகளுக்கு வரப்போகிறவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்ள அவள் கண்டுபிடித்த வழி. எனக்கு ஒரு மகள் இருந்தால் நானும் அதையே செய்வேன்.

ஆகவே, கடிதம் கைக்குக் கிடைத்ததும் பாலக்காட்டுக்குப் பஸ் ஏறு. சுமதியைப் பார். வடிகாலைப் பற்றி மேலே எழுதியிருப்பதை அப்படியே சொல். அவள் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் பாடம் நடத்துகிறாள், உன்னைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்வாள். ஏன் முன்பே சொல்லவில்லை என்று அவளும் கேட்பாள். அதற்கு என் நன்மையைக் காரணம் காட்டாதே. கல்யாணம் நிற்கலாம். நின்றால் எனக்கு வருத்தமாக இருக்கும், உனக்கு அதைவிட அதிகம். ஆனால் என் கையை மறைத்து நடக்கிற கல்யாணத்தில், பிற்பாடு அவளுக்கு ஒரு வளையல் இறுகினால், அதையும் ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் பார்ப்பீர்கள். அந்தக் குடித்தனத்துக்கு நான் ஆரத்தி எடுக்க மாட்டேன்.

இன்று காலை ஒரு விஷயம். அப்பா பேண்டேஜை எடுத்துக்கொண்டு வந்தார், எதிரே உட்கார்ந்தார், விரல் பக்கம் சுற்றத் தொடங்கினார். ஜன்னல் திறந்தே இருந்தது. மறந்துவிட்டார் என்று நினைத்து நானே சாத்த எழுந்தேன். “இரி” என்றார். மீன்காரி மரியம் அந்த வழியாகப் போனவள் நின்று எட்டிப் பார்த்து, “மந்து குறைவுண்டோ, சாரே?” என்று கேட்டாள்.

“மந்து இல்ல மரியம். இது வேற” என்று ஆரம்பித்தார். அவள் கூடையை இறக்கி வைத்தாள். அவர் அக்குளிலிருந்து தொடங்கி முழுக் கானையையும் விவரித்தார். கட்டு முழங்கையிலேயே நின்றது. நான் தலையணை மேல் கையை வைத்துக்கொண்டு, வெளிச்சம் முழுக்க அதன் மேல் விழ, அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தேன்.